கவிழ்ந்தவன் கொண்டுவரும் பெட்டி

“சீனி வேண்டாம், தங்கச்சி. பால் இருந்தாக் கொஞ்சம் விடுங்கோ.”

“அண்ணை, அவா கேட்டது வாளியைப் பற்றி.”

“ஓம். வாளிக்கு வாறன். நீங்களும் ஒரு கோப்பை எடுங்கோவன். தனியக் குடிக்க ஒரு மாதிரிக் கிடக்கு.”

நீங்கள் எடுக்கவில்லை. பரவாயில்லை. மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி அம்மா, இந்தப் பக்கம் நான், இடையில் நீங்கள். சிவப்பிரியா, மொழிபெயர்ப்பாளர் என்று உங்கள் சட்டையில் குத்தியிருக்கும் அட்டை சொல்கிறது. என்னைப் பற்றி அதிகாரி முதலிலேயே தட்டச்சு செய்துவிட்டார்: ஆனந்தராசா, நாற்பத்தாறு வயது, சலவை ஆலைத் தொழிலாளி, கெல்சென்கிர்ச்சன். மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி இப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

ஜேர்மன் எனக்கு நன்றாகவே வரும். பதினான்கு வருடம் இங்கே இருந்துவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கட்டத்தில் ஓம் என்று அடையாளமிட்டது மொழி தெரியாததால் அல்ல. அப்படி அடையாளமிட்டால் இன்னொருவர் வருவார் என்று தெரியும். உங்களை எங்கிருந்தோ கூப்பிட்டு, உங்கள் மத்தியானத்தைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். பீலிக்ஸ் என்ற இருபத்துநான்கு வயதுப் பையன் மூன்று கிழமையாக மருத்துவமனையில் கிடக்கிறான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் வளைவில், அவனுடைய பந்தயக் கார் ஏன் கவிழ்ந்தது என்பதுதான் கேள்வி. அந்த ஒரு வார இறுதியை மட்டும் சொன்னால் போதும் என்கிறார் அதிகாரி. ஆனால் அதை மட்டும் சொன்னால் நான் ஏதோ கோபத்தில் செய்ததுபோலத் தெரியும். எனக்கு அவன்மேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

ஏப்ரலில் எங்கள் பேருந்துத் தரிப்பிடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மண் பாதையில் கார்ப் பந்தயம், வார இறுதிக்கு உதவியாளர்கள் தேவை, அனுபவம் அவசியமில்லை, சாப்பாடு தரப்படும் என்று. அடியில் கிழித்துக்கொண்டு போகத் தொலைபேசி எண்கள் தொங்கின. ஒன்றைக்கூட யாரும் கிழித்திருக்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, பந்தயத்தைத் தொலைக்காட்சியில்கூடப் பார்த்தவன் இல்லை. தாளில் “நாங்கள்” என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு பேருந்தை விட்டுவிட்டேன்.

சலவை ஆலையில் என் வேலை பெரிய இயந்திரத்துக்குப் படுக்கை விரிப்புகளைக் கொடுப்பது. எட்டு மணி நேரமும் காதுக்கவசம் போட வேண்டும். இடைவேளையில் கவசத்தைக் கழற்றும்போது மற்றவர்கள் ஏற்கெனவே எதையோ சிரித்து முடித்திருப்பார்கள். டோர்ட்மண்டில் அக்கா இருக்கிறா. கலாதேவி என்று பெயர், இரண்டு பிள்ளைகள். ஒரு ஞாயிறு சொல்லாமல் போய் மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்து, “வாறதெண்டா முதலே ஒரு டெர்மின் வைச்சுப்போட்டு வாவன்ரா, தம்பி” என்றா. மருத்துவரிடம் முன்கூட்டியே நேரம் குறிப்பதுபோல. பகிடியாகத்தான் சொன்னா. பிறகு சாப்பாடும் போட்டா. ஆனால் நான் அதற்குப் பிறகு முதலே சொல்லிக் கேட்டேன், அவவுக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு கிழமை நான் வாய் திறந்து பேசிய சொற்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அதில் பதினைந்து காலை வணக்கம்.

மே மாத முதல் சனிக்கிழமை போனேன். வயல்களுக்கு நடுவே களிமண்ணால் போட்ட ஒரு வளையம், நான்கு வளைவுகள். ஓடுகிற கார்கள் ஒற்றை இருக்கையும் இரும்புக் குழாய்க் கூண்டும் கொண்டவை. ஸ்பிரிண்ட் கார் என்பார்கள். வளைவில் அவை நேராகத் திரும்புவதில்லை, பக்கவாட்டில் சறுக்கித்தான் திரும்பும். கழகத் தலைவர் றொனால்ட் கைகொடுத்து, ஒரு மஞ்சள் மேலங்கி தந்து, ஒட்டுநாடாவில் “ஆனந்த்” என்று எழுதி என் நெஞ்சில் ஒட்டினார். அவருடைய உள்ளங்கை ஒரு கணம் அங்கே அழுத்தியது.

மூன்றாம் வளைவில் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆள் இல்லாததால் என்னை மட்டும் விட்டார்கள். ஒரு மடக்குக் கதிரை, ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு மண்வெட்டி, கொடிகள், சேறு கழுவ ஒரு வாளி. ஆபத்தென்றால் மஞ்சள் கொடி. அவ்வளவுதான் வேலை. வாளி அந்த வாளிதான். கறுப்பு, பத்து லீற்றர்.

பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை இயந்திரச் சத்தம் கூடாது என்று பக்கத்துக் கிராமத்துடன் ஓர் ஒப்பந்தம். அந்த ஒரு மணி நேரத்தில் பாதையின் நடுப்பகுதியை உருளை வண்டி சமப்படுத்தும். விளிம்புகளில் சக்கரங்கள் கிண்டிய பள்ளங்களை அந்தந்த வளைவில் நிற்பவரே மண் போட்டு மிதித்து நிரப்ப வேண்டும். “உன்ரை வளைவு உன்ரை பொறுப்பு” என்றார் றொனால்ட். ஏன் என்று கேட்டேன். பக்கவாட்டில் சறுக்கி வரும் சக்கரம் மெத்தென்ற மண்ணில் புதைந்தால் கார் அந்த இடத்திலேயே குத்திக்கொண்டு உருளும் என்று கையால் உருட்டிக் காட்டினார். நன்றாக விளங்கும்படி காட்டினார்.

அன்று பின்னேரம் பதினேழாம் இலக்கக் கார் என் வளைவில் கவிழ்ந்தது. அது தானாக நடந்தது. நான் பள்ளங்களை ஒழுங்காகத்தான் நிரப்பியிருந்தேன். கொடியைத் தூக்கினேன், ஓடினேன். மற்ற வளைவுகளிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். மருத்துவர் சரி என்றதும் எட்டுப் பேர் கூண்டைப் பிடித்தோம். என் வலது தோளில் ஒருவருடைய தோள், இடது கையின்மேல் இன்னொருவருடைய கை. யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மூன்றில் எட்டுப் பேரும் ஒரே மூச்சை விட்டோம். கார் எழும்பி நின்றது. உள்ளே பீலிக்ஸ் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பல்லெல்லாம் சேறாகச் சிரித்தான்.

“அண்ணை, அவா சொல்லுறா, இதெல்லாம் மே மாதம் தானே எண்டு.”

“ஓம், மே மாதம். எழுதச் சொல்லுங்கோ. இதுதான் துவக்கம்.”

அந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கவிழ்ந்த ஓட்டுநர் அன்று பந்தயம் முடிந்ததும் இருபது போத்தல் பியர் அடுக்கிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, தன்னை நிமிர்த்திய வளைவுக்கு வர வேண்டும். நிமிர்த்தியவர்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். பெட்டியை இறக்கிவிட்டுப் போக முடியாது. கடைசிப் போத்தல் காலியாகும்வரை கவிழ்ந்தவன் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு விலக்கு இல்லை என்று றொனால்ட் சொன்னார். எழுதாத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை.

பீலிக்ஸ் வந்தான். என் கதிரையைச் சுற்றி ஒன்பது பேர் புல்லில் உட்கார்ந்தார்கள். நான் குடிப்பதில்லை என்பதைக் கவனித்தவன் அவன் மட்டும்தான். எழுந்து போய் எனக்கு ஒரு போத்தல் அப்பிள் ஷோர்லே, மது கலக்காத பழச்சாற்றுச் சோடா, வாங்கி வந்தான். மத்தியானத்துக்குக் கொண்டுபோன மட்டன் ரோல்ஸ் எட்டு மிச்சம் இருந்தது. அதை நீட்டினேன்.

“இதுக்கு என்ன பேர்?”

“ரோல்ஸ்.”

“உங்கடை ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏனடாப்பா இங்கிலீசுப் பேர்?”

“வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. நாங்கள் உள்ளுக்கு உறைப்பை வைச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு. பீலிக்ஸ் நான்கு ரோல்ஸ் சாப்பிட்டுக் கண்ணீர் வடிய இன்னொன்று எடுத்தான். அவன் ஜேர்மனில்தான் பேசினான், ஆனால் எனக்கு நினைவில் எல்லாம் தமிழாகவே இருக்கிறது. போகும்போது என் முழங்காலில் தட்டி, “அடுத்தமுறை நான் கவிழாட்டியும் வருவன், ஆனந்த்” என்றான்.

இந்த வசனத்தை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பிறகு வந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

ஜூனில் நாற்பது ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன். வெள்ளி இரவு முழுக்கச் சுருட்டினேன். அந்த வார இறுதி என் வளைவில் யாரும் கவிழவில்லை. இரண்டு நாளும் நான் பேசியது காலையில் வந்து நீர்த் தாங்கியை நிரப்பியவரோடு மட்டும். பீலிக்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடந்து போனான். ஒருமுறை கையை உயர்த்தியதுபோல இருந்தது, கண்ணாடிச் சேற்றைத் துடைத்ததாகவும் இருக்கலாம். ஞாயிறு மாலை நானே ஓட்டுநர்கள் கூடாரத்துக்குப் போனேன். காருக்கு அடியில் கிடந்தான், கால்கள்தான் தெரிந்தன.

“ஆ, ஆனந்தோ? அங்கை வைச்சிட்டுப் போ, பிறகு எடுக்கிறன்” என்றான்.

ஒரு டயரின்மேல் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது அந்த ஈயத்தாள் பொதி பிரிக்காமல் அதே டயரில் இருந்தது. வெயிலில் எண்ணெய் ஊறி, டயர் கறுப்பில் ஒரு வட்டம். எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கோபம் இல்லை. பையனுக்கு இயந்திரத்தில் ஏதோ பிரச்சினை, வேலை இருந்தது. நடந்ததால் சொல்கிறேன்.

ஆனால் அன்று பேருந்தில் எனக்கு ஒன்று விளங்கியது. வாக்கு என்பது வேறு, வழக்கம் என்பது வேறு. வாக்குக் கொடுத்தவன் மறக்கலாம், அது மனித இயல்பு. வழக்கம் மறக்காது. கவிழ்ந்தவன் வந்தே தீர வேண்டும்.

ஜூலையில் நான் எதையும் செய்யவில்லை. அதைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். மத்தியானம் உள்விளிம்பில் ஒரு பள்ளம் இருந்தது, அதை நிரப்பாமல் விட்டேன், அவ்வளவுதான். வெயில் அதிகம், கை வலித்தது. முப்பத்தோராம் இலக்கத்தை ஓட்டிய பெண் அதில் குத்திக்கொண்டு இரண்டு தரம் உருண்டாள். ஒரு கீறலும் இல்லை. எட்டுப் பேர், ஒன்று, இரண்டு, மூன்று. மாலையில் பெட்டியோடு வந்தாள், தன் தாயையும் கூட்டி வந்தாள். பதினொரு பேர் இருந்தோம். அந்தத் தாய் என்னுடைய பிள்ளைகளைப் பற்றி விசாரித்தா. இல்லை என்றேன். அதற்கு அவ, “இன்னும் காலம் இருக்கு” என்றா. யாரும் எனக்கு அப்படிச் சொல்லி எவ்வளவோ நாள்.

ஓகஸ்டில்தான் வாளி.

வெறும் பள்ளம் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும், விலகிப் போவார்கள். ஆகவே உள்விளிம்பில் என் கை நீளத்துக்கு ஒரு குழி தோண்டி, அதில் மண்ணையும் மூன்று வாளி தண்ணீரையும் விட்டுக் குழைத்து, மேலே காய்ந்த மண்ணைத் தூவி, மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டேன். பார்த்தால் பாதைதான். மத்தியான அமைதியில் செய்தேன். சத்தமில்லாத அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவது கேட்கும். சலவை ஆலையில் எனக்கு அப்படி எதுவும் கேட்டதில்லை.

சனிக்கிழமை அதில் கவிழ்ந்தவர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். தோள் எலும்பு உடைந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் அவருடைய மனைவி பெட்டியை எடுத்து வந்து, கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காரை அணைக்காமலே திரும்பிப் போய்விட்டா. வழக்கத்தின்படி அது சரியல்ல. மற்றவர்களும் ஆளுக்கொரு போத்தலை எடுத்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள். அன்று மாலை நான் பெட்டியோடு தனியே இருந்தேன். கொஞ்சம் மெதுவாகக் கவிழ்வதுபோலச் செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதுவரை எனக்கு இதில் அனுபவம் இல்லை.

“அண்ணை.”

“சொல்லுங்கோ, தங்கச்சி.”

“ஒருக்கால் நிப்பாட்டுவமோ? நான் கொஞ்சம் தண்ணி குடிக்கோணும்.”

“குடியுங்கோ. நான் எங்கையும் போகேல்லை.”

நீங்கள் நல்ல பிள்ளை. சொல்லுக்குச் சொல் சரியாகச் சொல்கிறீர்கள், நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். “குழைத்து” என்பதற்கு மட்டும் ஜேர்மனில் வேறு சொல் போட்டீர்கள். அதுவும் பொருந்தும்.

அந்த ஓகஸ்ட் மாதமே றொனால்ட் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எந்த விபத்திலும் முதல் ஆளாக ஓடுவது ஆனந்த்தான், கார் உருண்டு நிற்க முன்னமே இவன் பாதி தூரம் வந்துவிடுகிறான் என்றார். கழகச் சின்னம் போட்ட கோப்பை ஒன்று தந்தார். அதில்தான் நான் காலையில் தேத்தண்ணீர் குடிக்கிறேன்.

செப்டம்பர் கடைசிப் பந்தயம். புள்ளிகளில் பீலிக்ஸ் முன்னால் நின்றான். இந்த ஞாயிறு முடித்தால் வருடக் கிண்ணம் அவனுக்கு. சனிக்கிழமை காலை ஒலிபெருக்கியில் இன்னொரு செய்தியும் சொன்னார்கள். இது அவனுடைய கடைசி வார இறுதி, மியூனிக்கில் வேலை கிடைத்துப் போகிறான், வாழ்த்துகிறோம் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அதை ஒலிபெருக்கிதான் சொன்னது.

எங்கள் வளைவில் எல்லா ஓட்டுநர்களும் உட்புறமாகத் திரும்புவார்கள். வெளிக்கோட்டில், விளிம்பை உரசிக்கொண்டு போகிறவன் பீலிக்ஸ் ஒருவன்தான். அங்கே வேகம் அதிகம், துணிவும் வேண்டும். ஐந்து மாதமாக ஒரே இடத்தில் நின்று பார்த்தவனுக்கு அவனுடைய சக்கரம் எந்த அடியில் விழும் என்று தெரியும். ஆகவே இந்த முறை குழி வேறு யாருக்கும் ஆபத்தில்லாத இடத்தில் இருந்தது. அதையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமைக் குழி ஆழம் போதவில்லை. அவன் கார் ஒருமுறை துள்ளியது, ஓடிவிட்டது. ஞாயிறு மத்தியானம் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினேன். ஏழு வாளி. பன்னிரண்டு பத்துக்குத் தொடங்கி, பன்னிரண்டு நாற்பதுக்கு மேல் மண்ணைத் தட்டி முடித்து, கை கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது அவன் வந்தான்.

பாதையின் உட்புறமாக, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து வந்தான். தனியாகத்தான். மே மாதத்துக்குப் பிறகு அவன் என் வளைவுக்கு வந்தது அதுதான் முதல் தரம்.

“என்ன ஆனந்த், என்னோடை கோவமோ?”

“ச்சே. ஏன் கோவம்?”

“அண்டைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விட்டிட்டன். காரும் வேலையுமா ஓடித் திரிஞ்சன். இண்டைக்குப் பின்னேரம் கட்டாயம் வாறன். கவிழாட்டியும் வாறன். போக முந்தி உன்ரை ரோல்ஸ் வேணும், விளங்கிச்சோ? அந்த உறைப்பு மியூனிக்கிலை எங்கை கிடைக்கும்?”

“கொண்டுவந்திருக்கிறன்.”

“எத்தனை?”

“அறுபது.”

“விசரன்” என்று சிரித்தான். என் நெஞ்சில் ஒட்டியிருந்த பெயர் நாடாவின் மூலை கழன்றிருந்ததை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, திரும்பிப் போனான்.

அதிகாரி அம்மா இப்போது கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். அவன் போனபோது ஒரு மணிக்கு இன்னும் பதின்மூன்று நிமிடம் இருந்தது. மண்வெட்டி தாங்கியில் சாய்ந்து நின்றது. சேற்றை அள்ளி எறிந்து காய்ந்த மண்ணைப் போட்டு மிதிக்க ஐந்து நிமிடம் போதும். கொடியை ஆட்டியாவது பந்தயத்தைப் பிந்தித் தொடங்கச் சொல்லியிருக்கலாம். நான் அதை யோசித்தேன். மண்வெட்டியைக் கையில்கூட எடுத்தேன்.

ஆனால் அவன் மே மாதமும் அப்படித்தான் சொன்னான். அதே முகம், அதே குரல். கவிழாட்டியும் வருவன் என்று. அவன் பொய் சொன்னான் என்று நான் சொல்லவில்லை. அவன் அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொல்கிறான். பிறகு கிண்ணம் கிடைக்கும், தோளில் தூக்குவார்கள், படம் எடுப்பார்கள், அறுபது ரோல்ஸும் என்னோடு பேருந்தில் வரும். ஒருவன் மறந்துபோகக்கூடியவன் என்று தெரிந்தால், அவனுக்கு மறக்க முடியாதபடி உதவி செய்வதுதான் நட்பு என்று நினைத்தேன். மண்வெட்டியைத் திரும்பச் சாய்த்து வைத்தேன்.

மூன்றாம் சுற்றில் விழுந்தான். நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தேன். கார் நான்கு தரம் உருண்டு, தலைகீழாக, புல்லில் நின்றது. நான்தான் முதலில் போனேன். கூண்டுக்குள் கைவிட்டு அவனுடைய கையைப் பிடித்தேன்.

“ஆனந்தோ?”

“ஓம், நான்தான்.”

“கை எங்கை? என்ரை கை எங்கை கிடக்கு?”

“நான் பிடிச்சிருக்கிறன்.”

“தெரியேல்லை. ஒண்டும் தெரியேல்லை. போகாதை.”

போகவில்லை. மருத்துவர் யாரையும் காரைத் தொட விடவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள், இருபது பேருக்கு மேல், யாரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணவில்லை. அது எனக்குக் கவலையாக இருந்தது. கூண்டை அறுத்து அவனை எடுக்கும்வரை பதினொரு நிமிடம் நான் புல்லில் குப்புறப் படுத்து அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். மியூனிக் பற்றி, ரோல்ஸ் பற்றி. வாயில் என்ன வந்தாலும் பேசு என்று மருத்துவரே சொன்னார். பதினான்கு வருடத்தில் ஒருவரோடு நான் இடைவிடாமல் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். பிறகு ஹெலிகொப்டர் வந்தது.

அடுத்த நாள் பொலிஸ் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது. ஒரு இளைஞர் பத்து நிமிடம் கேட்டார். மண் ஈரமாக இருந்ததா என்றார். மழை பெய்தது என்றேன். நன்றி, நீங்கள் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். அப்படித்தான் முடிந்தது, ஒரு தேத்தண்ணீர்கூட இல்லாமல். மூன்று கிழமை யாரும் கூப்பிடவில்லை. றொனால்ட் தொலைபேசியை எடுக்கவில்லை. நேற்று நானே இங்கே வந்து, நான் சொன்னது சரியில்லை, விரிவாகச் சொல்ல வேண்டும் என்றேன். உடனே கதிரை போட்டார்கள். இன்றைக்கு மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குழியைத் தோண்டியது நான். தண்ணீர் விட்டது நான். அது பீலிக்ஸுக்காக, அவன் கவிழ வேண்டும் என்பதற்காகத் தோண்டிய குழி. ஜூலையும் ஓகஸ்டும் என்னுடையவைதான். யாரும் எனக்கு உதவவில்லை, யாருக்கும் தெரியாது. கையெழுத்து எங்கே என்று காட்டினால் போடுகிறேன்.

ஒன்று மட்டும். முந்தாநாள் கழகக் கொட்டிலுக்குப் போனபோது, அங்கே கூட்டிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு விசயம் சொன்னார். பீலிக்ஸ் வீட்டிலிருந்து ஓட்டி வந்த சாதாரணக் காரைத் திறந்தபோது பின்பெட்டிக்குள் ஒரு பியர்ப் பெட்டி இருந்ததாம். சனிக்கிழமையே வாங்கி வைத்தது. இருபது போத்தலில் ஆறு அப்பிள் ஷோர்லே. மேலே ஒரு தாளில் “மூன்றாம் வளைவு” என்று எழுதியிருந்ததாம்.

நீங்கள் ஏன் அழுகிறீர்கள், தங்கச்சி? எனக்கு அதைக் கேட்டுச் சந்தோசமாக இருந்தது. நான் அவனைப் பற்றி நினைத்தது சரிதான் என்று தெரிந்துவிட்டதே. எங்களுக்குள் இருந்தது வெறும் வழக்கம் இல்லை. அவன் எப்படியும் வந்திருப்பான்.

அதனால்தான் உங்களிடம் ஒரு உதவி. ஒலிப்பதிவை நிறுத்தத் தேவையில்லை, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

“அடுத்த சனிக்கிழமை உதவியாளர் விருந்து, தங்கச்சி. வருசம் வருசம் வைக்கிறது. ஆர் என்ன கொண்டுவாறது எண்டு கொட்டிலிலை ஒரு தாள் தொங்குது. ஏழு பேர் உருளைக்கிழங்குச் சலாட் எண்டு எழுதியிருக்கினம், நான் போன மாதமே ரோல்ஸ் எண்டு எழுதிப்போட்டன். முந்தாநாள் பாத்தனான், என்ரை பேரை இன்னும் ஒருத்தரும் வெட்டேல்லை. பீலிக்ஸையும் சில்லுக் கதிரையிலை வைச்சுக் கூட்டிக்கொண்டு வருவினம் எண்டு கதைக்கினம். போத்தலைப் பிடிக்க அவனுக்கு ஏலாதாம். நான் பிடிச்சுவிடுவன், அதிலை எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. றொனால்ட் என்ரை போனை எடுக்கிறாரில்லை. நீங்கள் ஜேர்மனிலை வடிவாக் கதைக்கிறியள். அவருக்கு ஒருக்கால் அடிச்சு, ஆனந்த் எத்தனை மணிக்கு வரலாம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோவன்.”